டிக்கெட் கொடுக்க மறுத்த வில்லிமைனா

வில்லிமைனாவுக்கு மெதுவாகப் பேச வராது. காதோடு ரகசியம் சொன்னாலும் அடுத்த பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கண்டாவு தீவில் பிறந்தவள். இளவயதில் வலைப்பந்து அணியில் தடுப்பாட்டக்காரியாக இருந்தாள். பந்து எதிரணிக்காரியின் கைக்குப் போய்ச் சேர்வதற்குள் "அது என்னோடது!" என்று ஒரு சத்தம் போடுவாள், பாதிப் பேர் அந்தச் சத்தத்துக்கே பந்தை நழுவ விட்டுவிடுவார்கள். கல்யாணமாகி நதோவு கிராமத்துக்கு வந்த புதிதில், "தம்பி பொண்டாட்டி கட்டியிருக்கானா, ஊதுகுழல் வாங்கிட்டு வந்திருக்கானா?" என்று கணவன் எமோசியின் உறவுக்காரர்கள் கேலி செய்தார்கள். எமோசி அதிகம் பேசாதவன். "எனக்கும் சேர்த்து அவ பேசுறா" என்று சொல்லிவிட்டுச் சேப்பங்கிழங்குத் தோட்டத்துக்குப் போய்விடுவான்.

ஊருக்குப் பின்னால் வைலோமா வனப்பூங்கா. தலைநகர் சுவாவிலிருந்து பஸ்ஸில் நாற்பது நிமிடம். உள்ளே ஓர் ஓடை பாறை பாறையாக இறங்கி ஐந்து குளங்களாகத் தேங்கி நிற்கும். மூன்றாவது குளத்தில்தான் எல்லோரும் நீந்துவார்கள். வாசலிலிருந்து அங்கே போக ஒன்றரைக் கிலோமீட்டர். வழி முழுக்கக் காடு, போனுக்கு சிக்னல் கிடைக்காது. நிலம் எமோசியின் குலத்தாருடையது. ஓர் அறக்கட்டளை அதைக் குத்தகைக்கு எடுத்துப் பூங்காவாக நடத்தியது. அந்த வாசல் கூண்டில் வில்லிமைனா பத்தொன்பது வருஷம் டிக்கெட் கிழித்தாள்.

டிக்கெட் கிழிப்பது மட்டும்தான் அவளுக்குக் கொடுத்த வேலை. அவளாகச் சேர்த்துக்கொண்ட வேலை ஒன்று இருந்தது. உள்ளே போகிறவர்களின் பெயரைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதுவாள். மாலையில் ஒவ்வொருவராக வெளியே வரும்போது அந்தப் பெயரை அடித்துவிடுவாள். அடிபடாத பெயர் ஒன்று இருந்தாலும் வீட்டுக்குப் போகமாட்டாள். அப்போதெல்லாம் அது பெரிய கஷ்டமாக இல்லை, ஏனென்றால் வாசலுக்கு இடப்பக்கம் தகரக்கூரை போட்ட போலீஸ் போஸ்ட் ஒன்று இருந்தது. சார்ஜென்ட் மைக்காவும் மூன்று கான்ஸ்டபிள்களும் முறை வைத்து வருவார்கள். காலையில் ஒரு நடை, மதியம் ஒரு நடை, ஐந்து குளத்தையும் சுற்றிவிட்டு விசில் ஊதிக்கொண்டு இறங்குவார்கள். "மைக்கா, மஞ்சள் சட்டைக்காரன் இன்னும் வரல, பாருங்க" என்று கூண்டிலிருந்தே கத்துவாள். மைக்கா தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மறுபடி ஏறுவார்.

முதலில் ஒரு கான்ஸ்டபிளைப் பாலத்துச் சோதனைச் சாவடிக்கு எடுத்தார்கள். பிறகு ஒருவன் துறைமுகத்துக்குப் போனான். மூன்றாவது ஆள் பிள்ளைப்பேறு விடுப்பில் போன பெண். திரும்பி வந்தபோது டவுன் ஸ்டேஷனிலேயே வைத்துக்கொண்டார்கள். மைக்கா ஒற்றை ஆளாக நாலு மாதம் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றார். அவருக்குப் பதிலாக வந்தது ஒரு தாள். போஸ்ட்டின் கதவில் அதை ஒட்டிவிட்டுப் போனார்கள்: 'உதவிக்கு இந்த எண்ணுக்கு அழைக்கவும்.'

வில்லிமைனா அந்தத் தாளைப் படித்துவிட்டு நேரே பஸ் ஏறினாள். டவுன் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் இலாய்சா அவளை உட்காரச் சொன்னார். நல்ல மனுஷன்தான், தூங்கி ரெண்டு நாள் ஆனவர் மாதிரி இருந்தார்.

"அக்கா, எங்கிட்ட இருக்கிறது மொத்தம் முப்பத்தொரு பேர். மூணு ஷிஃப்ட்டுக்குப் பிரிங்க. கோர்ட்டுக்கு நாலு பேர், லீவுல ரெண்டு பேர். மார்க்கெட்ல தெனம் பிக்பாக்கெட், பஸ் ஸ்டாண்டுல தெனம் அடிதடி. காட்டுல என்ன இருக்கு? மரத்த யாரும் திருடிட்டுப் போகப் போறதில்ல."

"மரத்துக்கா சார் நான் போலீஸ் கேக்குறேன்? மரத்தடியில நடக்கிறவங்களுக்குக் கேக்குறேன்."

"எழுதிக் குடுங்க. மேல அனுப்புறேன்."

எழுதிக் கொடுத்தாள். அடுத்த மாதமும் போனாள், அதற்கடுத்த மாதமும் போனாள். பதினோரு மாதத்தில் ஏழு முறை. பிறகு ஒரு நாள் காட்டுக்குள் ஒரு கொரிய மாணவனின் போனையும் செருப்பையும் யாரோ பறித்துக்கொண்டு ஓடினார்கள். வெறுங்காலோடு வந்து வாசலில் நின்ற அந்தப் பையனுக்குத் தன் ரப்பர் செருப்பைக் கழற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டு, அன்றைக்கே எட்டாவது கடிதத்தையும் எழுதினாள்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரேம்வதி டீச்சர் வந்தார். சுவாவில் முப்பது வருஷமாகக் கணக்கு வாத்தியார். தனி ஆள். மாதத்தில் ரெண்டு ஞாயிறு தவறாமல் வருவார். ஒரு பையில் சுருட்டிய ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும், மாற்றுத்துணி, மூக்குக்கண்ணாடிக் கூடு. மூன்றாவது குளத்தில் அரைமணி நேரம் நீந்திவிட்டுப் பாறையில் உட்கார்ந்து சாப்பிடுவார்; வில்லிமைனாவுக்கென்று ரெண்டு ரொட்டி தனியாகக் கட்டியிருப்பார்.

அன்றைக்கு டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, "போஸ்ட் பூட்டியிருக்கே வில்லி, போகலாமா?" என்று கேட்டார்.

"போங்க டீச்சர், ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்ல?" என்றாள் வில்லிமைனா.

ஒண்ணரை மணி நேரத்தில் டீச்சர் திரும்பி நடந்து வந்தார். இடது கையை வலது கையால் நெஞ்சோடு அணைத்திருந்தார். பாவாடை முழுக்க ரத்தம். கரும்பு வெட்டும் கத்தியோடு ரெண்டு பேர் வழிமறித்துப் பையைக் கேட்டிருக்கிறார்கள். கொடுக்கிறதற்குள் ஒருவன் கத்தியை ஓங்கினான். தலைக்கு வந்ததைக் கை தாங்கிக்கொண்டது. எலும்பு வரை இறங்கிவிட்டது. அந்தக் கையோடு ஒன்றரைக் கிலோமீட்டர் தனியாக இறங்கி வந்திருக்கிறார்.

வில்லிமைனா கூண்டை விட்டு ஓடி வந்து அந்தக் கையையே பார்த்தாள்.

"கையப் பாக்காத வில்லி. துணிய எடு. இறுக்கிக் கட்டு" என்றார் டீச்சர், வகுப்பில் பேசுகிற மாதிரி.

இடுப்பில் வேட்டி மாதிரி சுற்றியிருந்த சுலுவை அவிழ்த்துக் காயத்தில் இறுக்கிக் கட்டிவிட்டு, உள்ளே போட்டிருந்த கால்சட்டையோடு ரோட்டுக்கு ஓடி, வந்த பஸ்ஸின் முன்னால் ரெண்டு கையையும் விரித்து நின்றாள். பஸ்காரர் பயணிகளோடு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். கதவில் ஒட்டிய எண்ணுக்குக் கெலெரா போன் செய்தாள். கெலெரா எமோசியின் தங்கை. வாசலில் சுட்ட மீனும் அவித்த மரவள்ளியும் விற்பவள். ஒரு மணி ஐம்பது நிமிடம் கழித்து ஜீப் வந்தது. அதில் வந்த கான்ஸ்டபிள் முந்தின நாள் சாயங்காலம் ஏறிய பணியிலிருந்து இன்னும் இறங்காதவன். இருக்கிற ஒரே வண்டி விபத்து நடந்த இடத்தில் நின்றதாம். காட்டுக்குள் போய்ப் பார்த்தான். ரொட்டி மட்டும் வழியில் சிதறிக் கிடந்தது.

அன்றைக்கு வில்லிமைனா சாப்பிடவில்லை. "நீயா வெட்டின?" என்று எமோசி கேட்டான்.

"போங்கன்னு சொன்னது யாரு? நான்தானே? ஒண்ணும் ஆகாதுன்னு டிக்கெட்ட நீட்டினது யாரு?"

எமோசி அவள் தட்டை மூடி வைத்தான்.

திங்கட்கிழமை காலையில் அறக்கட்டளை மேனேஜர் வாட்டிசோனி ஒரு பலகையோடு வந்து இறங்கினார். 'சொந்தப் பொறுப்பில் நுழையவும்' என்று சிவப்பில் எழுதியிருந்தது. பெயின்ட் காயவில்லை.

"இத வாசல்ல மாட்டு. வேற ஒண்ணும் மாத்த வேண்டாம். வியாழக்கிழமை கப்பல் வருது."

"சொந்தப் பொறுப்புன்னா என்ன சார்?"

"ஏதாவது ஆச்சுன்னா நாம பொறுப்பில்லன்னு அர்த்தம்."

"அப்ப டிக்கெட் எதுக்கு? ஓடைய நாமளா வெட்டினோம்? நிழல நாமளா விரிச்சோம்? உள்ள போற மனுஷன் முழுசா வெளிய வரணும், அதுக்குத்தானே சார் இந்த வாசலு, இந்தக் கூண்டு, அதுக்குள்ள நானு?"

"வில்லிமைனா, காலங்காத்தால என்கிட்ட சட்டம் பேசாத. மாட்டு."

"மாட்டமாட்டேன். டிக்கெட்டும் தரமாட்டேன். போஸ்ட்டுல ஆள் உக்காரட்டும். உக்காந்த நிமிஷத்துல கூண்டத் திறக்கிறேன்."

அவர் சிரித்தார். அவள் சொல்வது ஒரு நாள் கோபம் என்று நினைத்திருப்பார். பலகையைத் தானே மாட்டிவிட்டுக் காரில் போய்விட்டார். கார் திருப்பத்தில் மறைந்ததும் வில்லிமைனா கேட்டை இழுத்துச் சாத்தி, சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள்.

வியாழக்கிழமை கப்பல் பயணிகளை ஏற்றிக்கொண்டு ரஜ்னிலின் பஸ் வந்து நின்றது. ரஜ்னில் இருபது வருஷமாகச் சுற்றுலா பஸ் ஓட்டுகிறவன்.

"வில்லி அக்கா, வெளையாடாத. ரெண்டு மணிக்கு இவங்களக் கப்பல்ல ஏத்தணும். கதவத் திற."

"உன் அம்மாவ உள்ள அனுப்புவியா ரஜ்னில்? தனியா? மூணாவது குளத்துக்கு?"

"இருபத்திரண்டு பேர் இருக்காங்க அக்கா, தனியா எங்க?"

"இருபத்திரண்டு பேரும் கையக் கோத்துக்கிட்டா நடக்கப் போறாங்க? ஆளுக்கொரு பக்கம் போட்டோ புடிக்கப் போவாங்க. அப்ப என்ன பண்ணுவ?"

அவன் பதிலுக்குக் காத்திராமல் அவளே பஸ்ஸில் ஏறிவிட்டாள். நாலு நாள் முன்னால் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். காவலுக்கு ஆள் இல்லை, போன் எடுக்காது, ஜீப் வர ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆகும் என்றாள். முன் இருக்கையில் இருந்த தொப்பிக் கிழவர், "அப்ப நாங்க என்ன செய்யட்டும்னு சொல்றீங்க?" என்று கேட்டார்.

"என் நாத்தனார்கிட்ட மீன் வாங்கிச் சாப்பிடுங்க. அப்புறம் கடக்கரைக்குப் போங்க. அங்க போலீஸ் இருக்கு, பெரிய ஓட்டல்க பக்கமா நிறைய இருக்கு."

கெலெராவிடம் அன்றைக்குப் பதினோரு மணிக்கே மீன் தீர்ந்துவிட்டது. ஆனால் மறுநாள் கப்பல் பஸ் வரவே இல்லை. அடுத்த வாரமும் வரவில்லை. வாட்டிசோனி வந்தார், கடிதத்தை நீட்டினார்: மறு உத்தரவு வரும்வரை பணியிலிருந்து நிறுத்தம். ஆளை வைத்துச் சங்கிலியை அறுத்தார். கூண்டில் டவுனிலிருந்து அதேதா என்ற புதுப்பெண் வந்து உட்கார்ந்தாள். முப்பது வயசு இருக்கும். கேட்ட கேள்விக்குக்கூட தலையை மட்டும் ஆட்டுகிறவள்.

வில்லிமைனா வீட்டுக்குப் போகவில்லை. வாசலுக்கு எதிரே ரோட்டைத் தாண்டி ஓர் ஈரப்பலா மரம். அந்த நிலம் எமோசியின் பங்கு, பூங்காவில் சேராதது. எமோசி ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அங்கே போட்டான். பக்கத்தில் தனக்கும் ஒன்று. "இங்க உக்காந்து கத்து. யாரும் எழுப்ப முடியாது" என்றான். வருகிற ஒவ்வொரு வண்டியையும் அவள் கைநீட்டி நிறுத்தினாள். "நான் தடுக்கல. உள்ள போறது உங்க இஷ்டம். ஆனா இதத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க." பத்தில் எட்டு வண்டி திரும்பியது.

ஊருக்குள் புகைந்தது. வாசலில் விசிறி விற்கும் பெண்கள், வாழைப்பழம் விற்பவர்கள், எல்லோருக்கும் அந்த வண்டிகள்தான் பிழைப்பு. முதலில் வெடித்தவள் கெலெரா. மீன் கூடையைக் கொண்டுவந்து வில்லிமைனாவின் காலடியில் வைத்தாள்.

"இந்தா, நீயே தின்னு! நாலு நாளு மீனு. நாத்தம் புடிச்சுப் போச்சு. அண்ணி, இது எங்க அப்பன் பாட்டன் நிலம். நீ கடல் தாண்டி வந்தவ. எங்க சோத்துல மண்ணப் போட உனக்கு என்ன உரிம?"

"கடல் தாண்டி வந்ததாலதான் கண்ணு தெரியுது. உன் வீட்டுக்கு வர்றவனுக்கு இல போடுறது யாரு, நீதானே? சாப்புட்டு எந்திரிக்கும்போது அவன் கைய யாராவது வெட்டினா, சோறு போட்டதோட என் வேல முடிஞ்சுதுன்னு சொல்லுவியா?"

"நம்ம பயலுக தான் வெட்டினாங்கன்னு சொல்ல வர்றியா?"

"யாரு வெட்டினான்னு எனக்குத் தெரியாது. கண்டுபுடிக்க வேண்டியவன் வரவே இல்லையே! அததான் சொல்றேன்."

ஊர்க் கூட்டத்தில் அவளைக் கூப்பிட்டுப் பேசினார்கள். பெரியவர்கள் யங்கோனா வேரைக் கரைத்துக் குடித்துக்கொண்டே, குத்தகை உறவு கெட்டுப்போகும், கொஞ்சம் விட்டுக்கொடு என்றார்கள். வில்லிமைனா வாயைத் திறக்குமுன் எமோசி எழுந்தான். கூட்டத்தில் அவன் பேசி யாரும் கேட்டதில்லை. "டீச்சர் ரத்தம் நம்ம மண்ணுல விழுந்துச்சு. அதுக்கு இங்க இன்னும் ஒருத்தர்கூட மன்னிப்புக் கேக்கப் போகல. அவ போயிருக்கா, மூணு தடவ. அவள உக்கார விடுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அதற்குப் பிறகு யாரும் அவளை எழுந்திரு என்று சொல்லவில்லை. உட்கார் என்றும் சொல்லவில்லை.

டீச்சர் வெட்டுப்பட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் போலீஸ் ஜீப் வந்து ஈரப்பலா மரத்தடியில் நின்றது. இன்ஸ்பெக்டர் இலாய்சா இறங்கினார். பின்னால் மூன்று கான்ஸ்டபிள்கள்.

"அக்கா, புகார் வந்திருக்கு. ரோட்ல வண்டிய மறிக்கிறீங்க, வேலைக்கு இடைஞ்சல் பண்றீங்கன்னு. நாற்காலிய எடுத்துட்டு வீட்டுக்குப் போயிருங்க. இல்லன்னா நான் கூட்டிட்டுப் போகணும்."

வில்லிமைனா அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் நின்றவர்களை விரல் நீட்டி எண்ணினாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணு பேரா சார்? எனக்காகவா?" குரல் மேலே ஏறியது. கூண்டிலிருந்து அதேதா தலையை நீட்டிப் பார்த்தாள். விசிறிக்காரிகள் எழுந்து வந்தார்கள். "பதினோரு மாசமா ஒரே ஒரு ஆளுக்கு உங்க ஸ்டேஷன் படிய ஏறி ஏறி என் முட்டி தேஞ்சு போச்சு. ஒரு ஆள் இல்ல இல்லன்னீங்க. இன்னிக்கு ஒரு பொம்பளயத் தூக்க மூணு ஆள் எங்கேருந்து முளச்சாங்க? மார்க்கெட்ட யாரு பாத்துக்கிறா? பஸ் ஸ்டாண்டுல அடிதடி நின்னு போச்சா?"

ஒரு கான்ஸ்டபிள் தலையைக் குனிந்துகொண்டான். முதலில் சிரித்தது கெலெரா. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"சார், நான் ஒரு வழி சொல்றேன்" என்றாள் கெலெரா, கையிலிருந்த விசிறியால் காட்டி. "எங்க அண்ணிய ஏத்திக்கிட்டுப் போங்க. இவங்கள்ல ரெண்டு பேர இங்க விட்டுட்டுப் போங்க. காட்டுக்குக் காவலும் ஆச்சு, எங்க காதுக்கு ஓய்வும் ஆச்சு."

கூட்டம் முழுக்கச் சிரித்தது. இலாய்சாவின் முகம் சிவந்தது. "ஏறுங்கக்கா" என்றார். வில்லிமைனா எழுந்து சுலுவைச் சரிசெய்துகொண்டு, யாரும் தொடுவதற்குமுன் தானே முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

ஸ்டேஷனில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். இனிமேல் பூங்கா வாசலுக்கு எதிரே உட்காரமாட்டேன் என்று அதில் கையெழுத்துப் போட வேண்டும், போட்டால் போகலாம்.

"போடமாட்டேன்."

"வழக்கு எழுத வேண்டியிருக்கும்."

"எழுதுங்க. கோர்ட்டுல நீதிபதி முன்னாடி இதையேதான் பேசுவேன். உங்க ஸ்டேஷன்ல இருக்கிறவங்க காதுக்கு மட்டும் சொல்லிக்கிட்டிருந்தேன், அங்க நாலு பேர் கூட கேப்பாங்க."

பெஞ்சில் உட்காரவைத்தார்கள். ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம் போனது. மதியம் பிரேம்வதி டீச்சர் ஸ்டேஷன் படி ஏறி வந்தார். கெலெராதான் போன் செய்திருக்கிறாள். இடது கை தோளிலிருந்து மாவுக்கட்டு. வலது கையில் ஒரு பொட்டலம். நேரே வந்து பெஞ்சில் வில்லிமைனாவின் பக்கத்தில் உட்கார்ந்து பொட்டலத்தை அவள் மடியில் வைத்தார்.

"ஒரு கையால மாவு பிசைஞ்சது. வட்டமா இருக்காது. சாப்பிடு."

காலையில் போலீஸ் முன் கலங்காத வில்லிமைனா, கோணல் ரொட்டியைப் பார்த்து அழுதுவிட்டாள்.

இலாய்சா எழுந்து வந்தார். "அம்மா, நீங்க எதுக்கு..."

"என் வாக்குமூலம் குடுக்க வந்திருக்கேன்" என்றார் டீச்சர். "ஆஸ்பத்திரிக்கு ஒரு பையன் வந்தான், பேரும் முகவரியும் எழுதிக்கிட்டான், அப்புறம் வரேன்னான். இருபத்து மூணு நாள் ஆச்சு. அவனும் வரல, வேற யாரும் வரல. எழுத ஆள் இருக்கா? இல்லன்னா இங்கயே உக்காந்திருக்கேன். எனக்கு ரிட்டயராக இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு, லீவு நிறைய இருக்கு."

எழுத ஆள் இல்லை. காலையில் வந்த மூன்று பேரும் வேறு வேறு திசைக்குப் போயிருந்தார்கள். இன்ஸ்பெக்டரே பேனாவை எடுத்தார். ஒண்ணரை மணி நேரம் எழுதினார். எத்தனை பேர், என்ன உடை, எந்தக் கை, எந்தத் திருப்பம். டீச்சர் கணக்குப் போடுகிற மாதிரி வரிசையாகச் சொன்னார். கத்தி இறங்கின இடம் வந்தபோது மட்டும் கொஞ்சம் நிறுத்தி, தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

"அப்ப போலீஸ் போஸ்ட்ல யாரு இருந்தாங்க?" என்று கேட்டார் இலாய்சா, படிவத்தில் இருந்த கேள்வியை அப்படியே படித்து.

"பூட்டு இருந்துச்சு" என்றார் டீச்சர்.

இலாய்சா பேனாவைக் கீழே வைத்தார். பிறகு மறுபடி பேனாவை எடுத்து அந்தப் பதிலை அப்படியே எழுதினார். கையெழுத்துப் போட மறுத்த தாளை எடுத்து ரெண்டாகக் கிழித்தார்.

"அக்கா, சனி, ஞாயிறு, அரசாங்க லீவு. ரெண்டு ரெண்டு பேர் தர்றேன். மத்த நாளுக்கு என்னால முடியாது. சத்தியமா முடியாது. பாலத்துச் சாவடிய மூடினாத்தான் இந்த ரெண்டு பேரே கிடைப்பாங்க."

"அப்ப மத்த நாள்ல பூங்காவையும் மூடச் சொல்லுங்க. போலீஸா நீங்க எழுதிக் குடுங்க, காவல் இல்லன்னு. நான் சொன்னா மேனேஜர் கேக்கமாட்டார்."

அவர் எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு பக்கக் கடிதத்துக்குத்தான் அறக்கட்டளை பணிந்தது. அடுத்த சனிக்கிழமை போஸ்ட்டின் பூட்டைத் திறந்து ஒட்டடை அடித்தார்கள். வார நாட்களில் வாசல் சாத்தியிருந்தது.

வில்லிமைனாவுக்கு மட்டும் வேலை திரும்பவில்லை. நிர்வாகத்துக்கு அவப்பெயர் உண்டாக்கியதற்கு வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் தந்தால் சேர்த்துக்கொள்வதாக வாட்டிசோனி சொல்லியனுப்பினார். "வருத்தம் எனக்கு நிறைய இருக்கு. டீச்சர்கிட்ட சொல்லிட்டேன். வேற யாருக்கும் பாக்கி இல்ல" என்று சொல்லியனுப்பினாள். ஐந்து மாதம் எமோசியோடு தோட்டத்தில் களை பறித்தாள். கிழங்கு தின்றே நாட்கள் ஓடின. கைக்குப் பழகாத வேலை, முதுகு கடுத்தது. கடிதம் மட்டும் எழுதவில்லை.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, ரக்பி இறுதியாட்டத்துக்காக எல்லாப் போலீஸையும் மைதானத்துக்கு இழுத்துவிட்டார்கள். வைலோமாவுக்கு யாரும் வரவில்லை. அதேதா எட்டு மணி வரை பார்த்தாள், ஒன்பது வரை பார்த்தாள். கேட்டுக்கு வெளியே வண்டிகள் சேர்ந்தன. அந்த வாயில்லாப் பூச்சி எழுந்து வந்து கேட்டைச் சாத்திச் சங்கிலி போட்டாள். வாட்டிசோனி போனில் கத்தியது வெளியே நின்ற கெலெராவுக்கே கேட்டதாம்.

"வில்லிமைனா சொல்லிக் குடுத்தாளா?"

"இல்ல சார். அவங்ககூட நான் பேசினதே இல்ல. எனக்கும் கண்ணு இருக்கு."

அறக்கட்டளை வேறு ஆள் தேடிப் பார்த்தது. அந்த வாசலில் உட்கார ஒருவரும் ஒப்பவில்லை. மே மாதம் வில்லிமைனாவைத் திரும்பக் கூப்பிட்டார்கள், கடிதம் கிடிதம் எதுவும் கேட்காமல். சனிக்கிழமை அதேதா, ஞாயிற்றுக்கிழமை வில்லிமைனா என்று கூண்டைப் பிரித்துக்கொண்டார்கள். சம்பளம் முன்னைவிடப் பாதிக்கும் கீழே. வெட்டியவர்களில் ஒருவன் வேறொரு திருட்டில் மாட்டினான். நெடுஞ்சாலையோரக் குடியிருப்பைச் சேர்ந்தவன். டீச்சர் போய் அடையாளம் காட்டினார். இன்னொருவன் அகப்படவில்லை.

டீச்சர் பூங்காவுக்கு மறுபடி வரவே இல்லை. வில்லிமைனா ஒரு முறை கூப்பிட்டுப் பார்த்தாள். "அந்தத் தண்ணி போதும் வில்லி. எனக்கு அங்க என்ன பாக்கியிருக்கு?" என்றார். மாதம் ஒரு முறை இவள்தான் சுவாவுக்குப் போய் டீச்சர் வீட்டில் டீ குடித்துவிட்டு வருகிறாள். கை முழுதாக நீளாது. டீச்சர் இடது கையால் எழுதுகிறவர், கரும்பலகையின் மேல் வரியை எழுத இப்போதும் ஒரு முக்காலி வேண்டியிருக்கிறது.

இலாய்சா மாற்றலாகிப் போய்விட்டார். புது இன்ஸ்பெக்டருக்கு வயது முப்பத்தைந்து. வார நாட்களுக்கும் ஆள் கேட்டு வில்லிமைனா மாதாமாதம் அவரிடம் போகிறாள். போன செவ்வாய்க்கிழமைகூடப் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். சாத்திய வாசலைப் பார்த்து வேன் ஒன்று திரும்பிப் போனது. கெலெரா அடுப்பில் மீனைப் புரட்டிக்கொண்டே வேனின் பின்புறத்தைப் பார்த்தாள்.

"போச்சு. எட்டு பேர். எட்டு மீனு. இந்த ஊர்ல என்னைவிடப் பொறுமைசாலி எவளாவது இருப்பாளா அண்ணி?"

"உன்னைவிட வாயாடி இல்ல. அது மட்டும் நிச்சயம்."

"எங்க கெளம்பிட்ட, சிங்காரிச்சுக்கிட்டு?"

"ஸ்டேஷனுக்கு. செவ்வாய், புதன் ரெண்டு நாளாவது கேட்டுப் பாக்கிறேன்."

"குடுப்பானா?"

"குடுக்கமாட்டான்."

"அப்புறம் எதுக்கு இந்த வெயில்ல?"

"குடுக்கமாட்டான்னு அவன் வாயால ஒவ்வொரு மாசமும் சொல்லணும் கெலெரா. மறந்துடக் கூடாதுல்ல?"

கெலெரா முணுமுணுத்துக்கொண்டே பெரிய மீனாக ஒன்றைப் பார்த்து எடுத்து, இலையில் சுருட்டி, அவள் கையில் திணித்தாள். "தின்னுட்டுப் போ. வெறும் வயித்தோட போலீஸ்கூட மல்லுக்கு நிக்காத." பஸ் வந்து நின்றது. வில்லிமைனா ஏறி டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து, பஸ் டவுனுக்குப் போய்ச் சேர்வதற்குள் மீனை முள்ளைக்கூட விட்டுவைக்காமல் தின்று முடித்தாள்.